டிராயிங் பீரியடைப் பிள்ளைககிட்டத் திருப்பிக் குடுங்க: மதுரை ஹெட்மாஸ்டர்களுக்கு ஒரு டெய்லர் எழுதுறது

மதுரையிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் இருக்குற எல்லாப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் டெய்லர். எங்கப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்குற புதுமண்டபத்துல தைச்சாரு, நானும் அங்கதான் 14 வயசுல காஜா எடுக்கப் பழகுனேன், கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனப்ப எங்க மெஷினும் அங்கிட்டுப் போயிருச்சு. ஓவியத்தைப் பத்திப் பேச இவன் யாருன்னு நீங்க கேப்பீங்க, எனக்குத் தெரிஞ்சது துணி மட்டுந்தான், அந்தத் துணி வழியாத்தான் நான் இந்த விஷயத்துக்குள்ளயே வந்தேன்.

போன வருசம் ஆடித் தள்ளுபடி கூட்டம் ஓஞ்ச நேரம், ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. 50 வயசு இருக்கும். தோள்ல ரெண்டு பெரிய சுருள் கேன்வாஸ் துணி. "மாஸ்டர், இது ரெண்டையும் நீளவாக்குல சேத்துத் தைக்கணும், தையல் தடிப்பாத் தெரியக்கூடாது, சட்டத்துல இழுத்து அடிக்கும்போது பிரியவும் கூடாது"ன்னாங்க. பந்தலுக்கா, வண்டிக்குப் படுதாவான்னு கேட்டேன். படம் வரையறதுக்குன்னாங்க. அவங்க நெனச்ச உயரத்துக்குத் துணி அகலம் பத்தல. 18ஆம் நம்பர் ஊசியைப் போட்டு, நெருக்கமில்லாம ஒரே ஓட்டமா ஓட்டி, பின்பக்கம் ஓரத்தை ரெண்டா விரிச்சு இஸ்திரி வச்சுப் படிய விட்டுக் குடுத்தேன். கேன்வாஸ்ல பிரிச்சுத் தைக்கிற வேலையே ஆகாது, ஊசி ஏறுன ஓட்டை அப்படியே நிக்கும், அதனால மூச்சப் பிடிச்சுக்கிட்டுத் தைச்சேன்னே சொல்லலாம். அப்போ அந்த அம்மா ஸ்டூல்ல உக்காந்து ஒரு விஷயம் சொன்னாங்க. இத்தாலியில வெனிஸ்னு ஒரு ஊரு, தண்ணிக்கு நடுவுல இருக்குற ஊரு, ஈரக்காத்துல சுவத்துச் சித்திரம் நிக்காம உதுந்துபோகும், கப்பல் பாய்க்குத் துணி நெய்யுற ஊருங்கிறதால 400, 500 வருசத்துக்கு முன்னாடியே அங்க உள்ள ஓவியருங்க துணிக்கு மாறிட்டாங்களாம், தறி அகலம் பத்தாதப்ப இதே மாதிரி ஒட்டுப்போட்டுத் தைச்சுத்தான் பெரிய பெரிய படமெல்லாம் வரைஞ்சாங்களாம். அந்தப் படங்க முன்னாடி நின்னு உத்துப் பாத்தா இன்னிக்கும் தையல் தெரியுமாம். எங்க தொழிலைப் பத்தி அப்படி ஒரு சேதி அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல.

மூணு மாசம் கழிச்சு அவங்க கண்காட்சிக்கு அழைப்பிதழ் கொண்டாந்து குடுத்தாங்க. டவுனுக்குள்ளயே ஒரு சின்ன ஹாலு. ஏழாவது படிக்கிற என் மகளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். உள்ள நுழைஞ்சதும் எதிர் சுவத்துல அந்தப் பெரிய படம். மேல பாதி காஞ்ச மலை, கீழ பாதி வைகை மணல். என் கண்ணு நேரா என் தையலைத்தான் தேடுச்சு. இருந்துச்சு! அவங்க அதை மறைக்கல. படத்துக்குக் குறுக்க ஓடுற அந்தத் தையல் மேல பெயிண்டை ரொம்ப மெலிசா விட்டு, கரையில தண்ணி வத்திப்போன கோடு எப்படி இருக்குமோ அப்படி ஆக்கியிருந்தாங்க. யானைக்கல் பாலத்துல நின்னு வைகையைப் பாத்தவங்களுக்கு அந்தக் கோடு தெரியும். நான் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன், பேச்சு வரல.

என் மக வேற மாதிரி பாத்தா. கிட்டக்கப் போவா, பின்னாடி வருவா, மறுபடி கிட்டக்கப் போவா. கிட்டப் போனா வெறும் கத்தி வச்சுச் சுரண்டுன கோடா இருக்குப்பா, எட்டி வந்தா ஆத்துல துணி துவைக்கிறவங்களா மாறிடுதுப்பாங்கிறா. அப்புறம் நேரா அந்த ஓவியரம்மாகிட்டப் போயி, "அத்தை, இந்த மணலுக்குக் கீழ நீலமாத் தெரியுதே, அங்க என்ன இருக்கு?"ன்னு கேட்டுட்டா. அவங்க சிரிச்சுக்கிட்டே, "அங்க வேற ஒரு படம் இருக்கு. ஞாயித்துக்கிழமை அப்பாகூட வீட்டுக்கு வா, காட்டுறேன்"னாங்க.

போனோம். பெரியார்ல பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டையில எறங்கி, அங்கருந்து கீழக்குயில்குடிக்கு ஷேர் ஆட்டோ. சமணர் மலை தெரியுற மாதிரி ஒரு பழைய ஓட்டு வீடு, அதுல பின்கட்டு முழுக்கப் பட்டறை. உள்ள காலை வச்சதுமே டர்பன்டைன் வாசம். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். வடக்கு வெளிச்சத்துல நேர் வெயில் விழாது, நாள் பூரா கலர் ஒரே மாதிரி தெரியும்னு ஓவியருங்க அதைத்தான் தேடுவாங்களாம், ஆனா நம்ம ஊர்ல சித்திரைக்கு மேல சூரியன் வடக்க சாய்ஞ்சிருதுல்ல, ஆவணி வரைக்கும் அங்கிட்டும் வெயில் எட்டிப் பாக்குதுன்னு ஒரு வெள்ளைக் காடாவைத் திரையாத் தொங்க விட்டிருந்தாங்க. ஓரம் பிரிஞ்சு கிடந்துச்சு, அதை மடிச்சுத் தைச்சுத் தாரேன்னு வாங்கிட்டு வந்தேன்.

ஒரு வெறும் கேன்வாஸை எடுத்து மகளைத் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. அப்புறம் வெள்ளைப் பூச்சு அடிச்சுக் காயவச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்ச இன்னொண்ணு. எண்ணெய்க் கலரை நேரா துணியில போட்டா அதுல இருக்குற ஆளிவிதை எண்ணெய் துணியைத் தின்னுரும், வருசம் போகப் போக இத்துப்போகும், அதான் நடுவுல இந்தப் பூச்சுன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, எண்ணெய்க் கலரு தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது, காத்தை உள்ள இழுத்து இறுகும், அதுக்கு நாள்கணக்காகும், தடிப்பாப் போட்டா வாரக்கணக்காகும், தண்ணியில கரைக்கிற அக்ரிலிக் கலர்னா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள காஞ்சுரும். அதனால எண்ணெயில வேலை செய்யுறவன் பொறுமை படிக்கிறான், அக்ரிலிக்ல வேலை செய்யுறவன் முடிவெடுக்கப் படிக்கிறான்னாங்க.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். தட்டுல மஞ்சளைப் பிதுக்குனாங்க, பக்கத்துல கருப்பு. ரெண்டையும் சேத்தா என்ன வரும்னு மகளைக் கேட்டாங்க. அழுக்கு மஞ்சள்னா. கலர் கலக்குற கத்தியால அவளையே கலக்க விட்டாங்க. பச்சை வந்துச்சு! கருவேல மரத்துல வெயில் காலத்துல ஒரு மங்கின பச்சை இருக்குமே, அதே பச்சை. நீலமும் மஞ்சளும் சேந்தாத்தான் பச்சைன்னு மனப்பாடமாச் சொல்ற பிள்ளை, கையில கத்தியோட வாயைத் திறந்தபடி நிக்கிறா. நான் அவளை அப்படிப் பாத்ததே இல்லைங்க.

மணலுக்குக் கீழ இருக்குற நீலத்தையும் மறக்காமக் கேட்டா. அந்தம்மா போன்ல போட்டோ போட்டோவாத் தள்ளிக் காட்டுனாங்க. அதே கேன்வாஸ்ல முதல்ல வைகை நிறையத் தண்ணியா வரைஞ்சிருக்காங்க, பிடிக்கல, மேல ஒரு சந்தை வரைஞ்சாங்க, அதுவும் சரிப்படல, சுரண்டி எடுத்தாங்க, மூணாவது தடவைதான் இந்த மணல். "அப்போ அந்தத் தண்ணி எங்க போச்சு?"ன்னா மக. "எங்கயும் போகல, மணலுக்குக் கீழதான் ஓடுது"ன்னாங்க.

கண்காட்சியில முடிஞ்சது மட்டுந்தான் தெரியும். என்கிட்ட ஜாக்கெட் வாங்கிட்டுப் போறவங்களுக்கு நான் எத்தனை தடவை தோளைப் பிரிச்சேன்னு தெரியாதுல்ல, அது மாதிரி. பட்டறையிலதான் பெரியவங்களும் தப்புப் பண்ணுறாங்க, சுரண்டுறாங்க, மறுபடி போடுறாங்கன்னு ஒரு பிள்ளைக்குக் கண்ணாலத் தெரியும். கணக்குல ஒரு தப்புன்னா நோட்டுத் தாளையே கிழிச்சுப் போடுற என் மக, அன்னைக்கு அப்புறம் கிழிக்கல. கோடு போட்டு அடிச்சுட்டுக் கீழ எழுதுறா.

ஐயா, அம்மா, இதுக்குத்தான் உங்களுக்கு எழுதுறேன். என் மக டைம்டேபிள்ல வியாழக்கிழமை கடைசிப் பீரியட் டிராயிங்னு போட்டிருக்கு. ஜூன்லருந்து அது உண்மையா நடந்தது மூணே தடவை. மத்த நாளெல்லாம் கணக்கு, இல்லாட்டி சயின்ஸ் டெஸ்ட். எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்ல வரல, கடைக்கு வர்ற பெத்தவங்க பாதிப்பேரு இதையேதான் சொல்றாங்க. தப்பு எங்க மேலயும் இருக்கு, மீட்டிங்ல மார்க்கைத் தவிர நாங்க வேற எதையும் கேக்குறதில்ல. அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு 2012ல 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியரா எடுத்தாங்க, ஓவியம், தையல், பாட்டு, உடற்கல்வின்னு, வாரத்துக்கு மூணு அரைநாள், ஆரம்பத்துல மாசம் 5,000 ரூபா. தையலையும் ஓவியத்தையும் ஒரே வரியில வச்சு எடுத்தாங்கன்னு அப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்த மூணு அரைநாள்லயும் பரீட்சை வேலை பாக்கச் சொன்னா அவங்க எப்போதான் கத்துக்குடுப்பாங்க?

நம்ம பிள்ளைக முறையாப் பெயிண்டிங் படிக்கணும்னா அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலயும் கும்பகோணத்துலயும் இருக்கு. சென்னைக் கல்லூரி 1850ல ஆரம்பிச்சது. அங்க போகலாம்னு ஒரு பிள்ளைக்குத் தோணவாவது வேணாமா, தோணுறதுக்கு அந்த ஒரு பீரியடை விட்டா வேற என்ன இருக்கு?

டூர்னா மஹால், காந்தி மியூசியம், கீழடின்னு கூட்டிட்டுப் போறீங்க, நல்ல விஷயம், விட்டுறாதீங்க. அழகர்கோவில் போனா வசந்த மண்டபத்துல ராமாயணச் சித்திரம் இருக்கு, அங்கயும் அஞ்சு நிமிசம் அண்ணாந்து பாக்க விடுங்க. ஆனா உயிரோட இருக்குற ஒரு ஓவியர், கையில பெயிண்டோட, பிள்ளை கேக்குறதுக்குப் பதில் சொல்றவங்க, நம்ம ஊருக்குப் பக்கத்துலயே இருக்காங்க. அங்கயும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க.

புதுமண்டபத்துல 20 வருசம் உக்காந்திருந்தேன். எங்க மெஷினுக்குப் பக்கத்துத் தூண்ல ஒரு நாயக்க ராஜா கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரு. அவரு கால்மாட்டுலதான் வெட்டுத்துணி மூட்டையை வைப்போம். அவரு இடுப்புத் துணியோட மடிப்பு எப்படி விழுந்திருந்துச்சுன்னு இன்னிக்குக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. துணியிலயே பிழைச்சவன், கல்லுல ஒருத்தன் துணி மடிச்சு வச்சதை நிமிந்து பாக்கல. பாருன்னு எனக்கு யாரும் சின்ன வயசுல சொல்லல. இது எனக்கு மனசுல கிடந்து அறுக்குது.

அந்த ஓவியரம்மாகிட்டப் பேசிட்டேன். சனிக்கிழமைல ஒரு தடவைக்கு 20 பிள்ளைக வரை வரலாம், காசு வேணாம், கூட ஒரு டீச்சர் மட்டும் வரணும்னு சொல்லிட்டாங்க. பெயிண்ட் பட்டா யூனிபார்ம்ல போகாதுன்னு நீங்க தயங்கக் கூடாதுன்னு, மிச்சக் காடாத்துணியில 20 ஏப்ரன் தைச்சு வச்சிருக்கேன், ஆறாவது ஏழாவது பிள்ளைக அளவு, முதுகுல நாடா வச்சது. எந்தப் பள்ளிக்கூடம் முதல்ல கிளம்புதோ அவங்க சத்திரத்துக்கு ஆள் அனுப்புங்க, வாங்கிட்டுப் போகட்டும், துவைச்சுத் திருப்பிக் குடுத்தாப் போதும், அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஆகும்.