'மர்ம விலங்கு' என்று எழுதும் முன் மணலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடு செத்தாலும் கோழி காணாமல் போனாலும் 'மர்ம விலங்கு கடித்துப் பலி' என்றுதான் செய்தி வருகிறது. அது எந்த விலங்கு என்று மறுநாள் யாரும் எழுதுவதில்லை. இராமநாதபுரம் கடலோரத்தில் வாழும் எங்களுக்கு இதனால் வரும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. செய்தி வந்த அன்றே வாட்ஸ்அப்பில் சிறுத்தைப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். சிறுத்தை தங்கும் காடா இங்கே இருக்கிறது? சீமைக்கருவேலமும் பனங்காடும் உப்பளமும்தான். இருந்தாலும் பெண்கள் விடியலில் கரைக்குப் போகப் பயப்படுகிறார்கள். அடுத்து, விஷம் வைக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள்.

எங்கள் கரையில் கொம்பில் காயப்போட்ட நண்டு வலைகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழிந்துகொண்டிருந்தன. நரிதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. வலை சரிபார்க்கும் பெரியவர் ஒருவர் மட்டும் கிழிசலைக் கையில் பிடித்துப் பார்த்தார். நண்டுக்கால் சிக்கிக் கிடந்த இடங்களில் மட்டுமே வலை கிழிந்திருந்தது. நூல் இழுபட்டு, திரிதிரியாக அறுந்திருந்தது. கீழே மணலில் நகம் பதிந்த அகலமான காலடிகள், அங்குமிங்கும் சுற்றித் திரிந்த தடம். தெருநாய்கள். கொட்டகைக்குள் சுருட்டி வைத்திருந்த இன்னொரு வலையில் ஓட்டைகள் வேறு மாதிரி இருந்தன. நூல் பிளேடால் நறுக்கியது போல அறுந்திருந்தது. மூலையில் புது மண் தள்ளிய வளை. அது பெருச்சாளி வேலை. இரண்டிலும் நரிக்குப் பங்கே இல்லை. சொல்லப்போனால் எலியையும் பெருச்சாளியையும் தின்பது நரிதான். அதைக் கொன்றால் வலைக்குத்தான் நஷ்டம்.

மணல் இருக்கும் ஊரில் அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. பூனை இனத்தின் காலடி உருண்டையாக, பெரும்பாலும் நகம் பதியாமல் இருக்கும். நரிக்கு நகம் பதியும், ஆனால் நாயைவிட ஒடுக்கமான தடம், போகிற போக்கும் நேராக இருக்கும். மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல். மரநாய் ஓலைக்கூரை வழியாக இறங்கும், அதன் எச்சத்தில் பழக்கொட்டை கிடக்கும். உடும்பு நடந்தால் காலடிகளுக்கு நடுவே வால் இழுத்த கோடு தெரியும். காட்டுப்பன்றி நிலக்கடலைக் கொல்லையை மூக்கால் கிண்டிப் போட்டிருக்கும், குளம்புத் தடம் வேறு பதிந்திருக்கும். பல ஆடுகள் கடிபட்டுத் தின்னப்படாமலே கிடந்தால் முதலில் நாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே தடை காற்று. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறும் முன்பே தடம் மூடிப்போகும். அதனால் பார்த்த உடனே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பக்கத்தில் தீப்பெட்டி ஒன்றை வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரியும். ஊர்க்கூட்டம் கூடி மிதித்த பிறகு வனத்துறையினர் வந்து என்ன பார்ப்பார்கள்?

இது பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு அரசு 2025-ல் இழப்பீடு அறிவித்தது. குழுக்கடன் வாங்கி ஆடு வளர்க்கும் ஒரு பெண், மர்ம விலங்கு என்று எழுதிய மனுவோடு எந்த அலுவலகத்தில் போய் நிற்பாள்? கால்நடை மருத்துவரிடம் காட்டி, கடித்தது எது என்று எழுதி வாங்கினால்தான் அவளுக்குப் பேச வழி உண்டு.

விஷம் வைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். அதை நரி மட்டும் தேடி வந்து தின்னாது. வீட்டு நாய், பருந்து, மயில் எல்லாம் சாகும். நரி, மரநாய், உடும்பு, கீரி எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வழக்கு வந்தால் அலைவதும் நாம்தான்.

ஆகவே, இப்படிச் செய்தி வரும்போது உங்கள் நிருபர்கள் காலடிப் படத்தையும், வனத்துறை அல்லது கால்நடை மருத்துவர் சொன்னதையும் சேர்த்துப் போட வேண்டும். அத்தோடு நாய், நரி, மரநாய், கீரி, உடும்பு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் காலடிகளை உள்ளபடி அளவில் ஒரு முறை அரைப்பக்கம் அச்சிடுங்கள். எங்கள் வலைக்கொட்டகைச் சுவரில் ஒட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பத்து வாசகி ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்