பேனாவைத் திருப்பித் தரவில்லை

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பேனா கொடுத்தவருக்கு,

அப்பா போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு கத்தைத் தாள் கொடுத்திருந்தார்கள். என் பேனா எழுதவில்லை. உதறினேன், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். அதுவரை வராத அழுகை, பேனா எழுதாததற்கு வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த நீங்கள் ஒன்றும் பேசாமல் உங்களுடையதை நீட்டினீர்கள். என் கை நடுங்குவதைப் பார்த்து, தாள் நழுவாமல் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். கடைசியில், "போன்ல சார்ஜ் இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அப்புறம் ஆறுதல் சொல்ல நிறைய பேர் வந்தார்கள். "நல்ல சாவு" என்றார் ஒருவர், ஏதோ ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி. கோபப்பட முடியவில்லை. நானும் பல வீடுகளில் அதையே சொல்லியிருக்கிறேன்.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் என்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதியது. அவர் அதைச் சொன்னது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி. பிறகு மிஞ்சியவர்கள் தலையிலும் அது ஏறிக்கொண்டது. சரி, அந்த ஐந்தில் பேனா திருடும் நிலை எதுவும் இல்லை. ஆனால் மூன்று நாள் கழித்துப் பார்த்தால், என் சட்டைப்பையில் உங்கள் பேனா! நீல மூடி, நுனி கடித்துக் கடித்து வெளுத்திருக்கிறது. அப்படியானால் நீங்களும் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளே யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அவர் குணமாகி வீடு திரும்பியிருக்க வேண்டும். ரொம்ப நன்றி. பேனா இன்னும் எழுதுகிறது.