வந்தாறுமூலையில் ஒரு சுருள் சுற்றுங்கள்: கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

விஞ்ஞான பீடத்தாருக்கும் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தாருக்கும்,

வணக்கம்.

ஸ்கானர் வாங்கித் தாருங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் ஸ்கானர் மனித மூளைக்கென்று இன்னும் விற்பனைக்கே வரவில்லை. ஆய்வுகூடங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன. நமக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

அந்த ஸ்கானர் இயங்கும் முறையான காந்தத் துணிக்கைப் படமெடுப்பை (Magnetic Particle Imaging) 2005இல் ஹம்பேர்க்கிலுள்ள பிலிப்ஸ் ஆய்வுகூடத்தின் க்ளைஷும் வைத்செனெக்கரும் அறிவித்தார்கள். இரும்பு ஒட்சைட்டு நனோ துணிக்கைகளை நாளத்தில் ஏற்றுவார்கள். வலுவான காந்தப்புலத்தில் அவை நிரம்பல் நிலைக்குப் போய் மரத்துக் கிடக்கும். புலம் பூச்சியமாகும் இடத்தில் மட்டும், செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 தடவை ஆடும் இன்னொரு புலத்துக்கு அசைந்து கொடுக்கும். அப்போது 75,000, 125,000 என்று மும்மடங்கு, ஐம்மடங்கு மீடிறன்கள் பிறக்கும். மூளைத் திசுவிலிருந்து அப்படி எதுவும் வராது. ஆகவே படத்தில் விழுவது துணிக்கை கலந்த இரத்தம் மட்டுமே. எக்ஸ் கதிரும் இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அயடீன் மருந்தும் இல்லை. சிறுநீரக நோயாளர் நிறைந்த தெஹியத்தகண்டிப் பக்கத்தவருக்கு அந்த இரண்டாவது விசயம் சின்னதல்ல.

துடிக்கும் எலி இதயத்தை 2009இலேயே படமெடுத்துவிட்டார்கள். மனிதத் தலை அவ்வளவு சுலபமில்லை. புலத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளைப் பெரிதாக்கினால் தேவைப்படும் மின்னோட்டம் எகிறும். ஆடும் புலத்தைக் கூட்டினால் உடம்பின் நரம்புகள் சுண்டியிழுக்கும், சூடும் ஏறும். புலச்சரிவை (இடத்துக்கு இடம் புலம் மாறும் அளவை) குறைத்தால் படம் மங்கும். 2019இல் ஹம்பேர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு தலையளவுக் கருவியொன்றைக் காட்டியது. செயற்கை மாதிரிகளை வைத்துத்தான் சோதித்தார்கள். அவர்கள் நோக்கம் பாரிசவாத நோயாளியை நகர்த்தாமல், தீவிர சிகிச்சைக் கட்டிலருகிலேயே மூளையின் இரத்தவோட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்கு, பாரிசவாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம்தான் கெடு. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எவ்வளவு போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த முதல் ஸ்கானுக்கு சீ.ரீ. (CT) ஸ்கானர்தான். இந்தக் கருவி அதற்குப் பதிலாகாது. அதன் பிறகு வரும் இரவுகளுக்கே இது.

சரி, நாம் எங்கே தொடங்குவது? தலையில் அல்ல, சோதனைக்குழாயில். ஒரு துளி துணிக்கைத் திரவத்தின் மீடிறன்களை அளக்கும் நிறமாலைமானி போதும். செப்புக் கம்பி, ஒலிபெருக்கி வகைப் பெருக்கி, கொள்ளளவிகள். பெறும் சுருளில் பாதியை எதிர்த்திசையில் சுற்றவேண்டும். இல்லாவிட்டால் ஆடும் புலத்தின் இரைச்சலே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மாணவர் கை பழகவேண்டியது அங்கேதான். துணிக்கைகளை இரும்புக் குளோரைட்டுகளில் அமோனியா சேர்த்து இரசாயனவியல் ஆய்வுகூடத்திலேயே வீழ்படிவாக்கலாம் (ஊசியில் ஏற்ற அல்ல, அளக்க மட்டும்). பொஸ்டன் குழுவொன்று சிறு ஸ்கானரின் வரைபடங்களைத் திறந்தே வைத்திருக்கிறது. ஹம்பேர்க் குழு படம் மீளமைக்கும் மென்பொருளையும் இலவசமாகத் தந்திருக்கிறது.

அடுத்த இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புகளில் இதையும் சேருங்கள். பௌதிகவியல், இரசாயனவியல், மருத்துவ மாணவர் ஒவ்வொருவரை ஒரே மேசையில் இருத்துங்கள். மின்சுற்றுக்கு ஆள் போதாவிட்டால் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தாரைக் கூப்பிடுங்கள்; கல்முனை வீதியால் பஸ்ஸில் வந்துவிடலாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாசகர் ஒருவர்