கோயில் கடிதத்தோடு முடிகிற கடமையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காசிமேட்டில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ சமயப் பாட வகுப்பு எடுக்கிறேன், வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பள்ளிச் சேர்க்கை சமயத்தில் எங்கள் கோயில் அலுவலகத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஞானஸ்நான சர்டிபிகேட், ஃபாதரிடம் ஒரு கடிதம், எப்படியாவது கான்வென்ட்டிலோ மிஷன் பள்ளியிலோ ஒரு சீட். இதில் தப்பே இல்லை, நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். சீட் கிடைத்துவிட்டால் படிப்பைப் பள்ளிக்கூடமும் டியூஷனும் பார்த்துக்கொள்ளும், பக்தியை மறைக்கல்வி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நாம் விட்டுவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். மகன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் செபமாலை முடிந்ததும் பைபிளைக் கையில் கொடுத்து ஒரு அதிகாரம் வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, இரண்டு வசனம் வாசிப்பதற்குள் அழுதுவிட்டான். ஆறு வருஷமாக ஃபீஸ் ஒரு நாள் தவறியதில்லை, டியூஷனுக்கும் தனியாகக் கட்டினோம், ரேங்க் கார்டில் கையெழுத்தும் போட்டோம், ஆனால் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பது ஒரே வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளியைக் குறை சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு எத்தனை முறை போயிருப்பேன்? மீன் ஏலத்துக்குப் போக வேண்டும், நேரமில்லை என்று நாத்தனாரைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானத்தின்போது குருவானவர் முதலில் பெற்றோரிடம்தான் கேட்கிறார், இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா, அது என்னவென்று உணர்ந்திருக்கிறீர்களா என்று. நாம் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொன்னோம். பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோர்களே என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியே வைத்திருக்கிறது. பைபிளில் உபாகமம் ஆறாம் அதிகாரத்திலும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் பேசு என்றுதான் இருக்கிறது. நாட்டுச் சட்டமும் அப்படித்தான். 6 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளைக்குப் படிக்க வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டது.

'நாங்களே படிக்கவில்லை, என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?' என்று என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்கிறார்கள். விடியுமுன்னே துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாக அலைந்து வருகிறவர்களிடம் கணக்குச் சொல்லிக்கொடு என்று யாரும் கேட்க முடியாது. சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள் போதும். இன்று என்ன நடத்தினார்கள் என்று கேளுங்கள், பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், தடுமாறினால் மறுநாள் டீச்சரைப் போய்ப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை தடுமாறுவது காதில் கேட்கும்.

அப்புறம் அப்பாமார்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இருக்காது, ஜூனில் பள்ளி திறக்கிற செலவு வேறு கழுத்தில் நிற்கும், அந்தக் கஷ்டம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் வருஷத்தில் நீங்கள் தொடர்ந்து வீட்டில் இருக்கிற மாதங்களும் அவைதான், பிள்ளைகளுக்கும் லீவு. பகலில் படகு வேலை, வலை வேலை இருக்கட்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார முடியாதா? எங்கள் வீட்டில் அந்தத் தடைக்காலத்தில்தான் ஆரம்பித்தோம். இவர் வலை பின்ன, மகன் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் ஒரு அதிகாரமும் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கமும் வாசிப்பான். போன மாதம் பூசையில் முதல் வாசகம் அவன்தான் வாசித்தான். இவர் கடலுக்குப் போகாமல் அன்று கோயிலுக்கு வந்திருந்தார்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
காசிமேடு, சென்னை.