ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் சைபர் கிரைம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. என் படத்தை மார்ஃபிங் செய்து, அதாவது திரித்து, பரப்பிய கணக்குகளில் கடைசியாக மிச்சமிருந்த இரண்டும் நீக்கப்பட்டுவிட்டன. அந்தப் பக்கம் போனை வைத்த பிறகும் நான் காதிலிருந்து எடுக்காமல் ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று இங்கே விவரமாக எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இருந்தால் தெரியாமலேயே இருந்துவிடுங்கள், அதுவும் எனக்குச் செய்கிற உதவிதான். வழக்கு நடப்பதால் யார், எதற்கு என்பதும் இதில் வராது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் முதலில் கண்ணுக்கு முன்னால் வருவது ஒரு பரீட்சை அட்டை. கிளிப் வைத்த, பழுப்பு நிறத்தில், 40 ரூபாய்க்கு விற்கிற சாதாரண அட்டை.

அந்தக் கணக்குகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள் ஸ்டேஷனில். கேட்கச் சின்ன வேலை. எனக்கு அதற்கே இரண்டு நாள் ஆனது. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? ஆனால் எந்தக் கடையிலும் நடைமுறை ஒன்றுதான்: சுவரில் ஒட்டியிருக்கிற நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், கடைக்காரர் எல்லார் முன்னாலும் திறந்து பார்ப்பார், "இதுவா?" என்று திரையைக் காட்டிக் கேட்பார். ஆதாரும் மார்க் ஷீட்டும் நான் அப்படித்தான் எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன். அந்த போனில் யார் யாருடைய என்னவெல்லாம் கிடக்கும் என்று அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டாம் நாள் இருட்டின பிறகு, கூட்டம் குறைந்திருக்கும் என்று கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற அந்தச் சின்னக் கடைக்குப் போனேன். குறையவில்லை. ரெக்கார்டு நோட்டோடு இரண்டு பையன்கள், கட்டுக் கட்டாகக் காகிதம் வைத்திருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, வருமானச் சான்றிதழுக்காக ஒரு அம்மா. நான் ஓரமாக நின்றேன். என் முறை வந்ததும் வாய் வரவில்லை. அண்ணாச்சி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். குரலை நன்றாக இறக்கி, "சைபர் கிரைமுக்கா பாப்பா?" என்றார்.

தலையாட்டினேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்பாத. கேபிள் போட்டுக்கிடுவோம். உள்ள வா."

கவுண்ட்டர் பலகையைத் தூக்கி என்னை உள்ளே விட்டார். மானிட்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார். மௌஸை என் கையில் கொடுத்து, "நீயே தொறந்து நீயே பிரிண்ட் குடு. எனக்கு எத்தனை தாள்னு கணக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று யாருடைய ரேஷன் கார்டையோ லேமினேஷன் செய்ய ஆரம்பித்துவிட்டார். முதுகைக் காட்டியபடியேதான் மீதியெல்லாம் சொன்னார்.

"மேல தேதி, நேரம் தெரியுதா பாரு. அந்தக் கணக்கோட லிங்க்கைத் தனியா ஒரு தாள்ல அடிச்சுக்க. பேரை நாளைக்கே மாத்திப்புடுவான். படத்தை மட்டும் கொண்டுபோனா யாருன்னு தேடுதது கஷ்டம். போன்ல இருக்கிறதை நீயா அழிச்சிராத, கேஸ் முடியுத வரைக்கும் அப்படியே கெடக்கட்டும். போன், கம்ப்யூட்டர்ல இருக்கிறதைக் கோர்ட்டுல சாட்சியாக் காட்ட ஒரு சர்டிபிகேட் கேப்பாங்க. முன்னால அந்தச் சட்டப் பிரிவை 65பின்னு சொல்லுவாங்க, இப்ப 63ன்னு நம்பர் மாத்திட்டாங்க. அந்த சர்டிபிகேட்டுக்கு ஒரிஜினல் போன் வேணும்."

வக்கீல் குமாஸ்தாக்களுக்கு வருஷக்கணக்காகப் பிரிண்ட் போட்டே சாட்சியச் சட்டம் படித்திருக்கிறார் மனிதர்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். அவர் கடையில் இருப்பது இங்க் டேங்க் பிரிண்டர். தாள் முகம் மேலே பார்த்தபடி, மெதுவாக, இழுத்து இழுத்து வெளியே வரும். முதலில் முடி, பிறகு நெற்றி. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு நேராக. நான் எழுந்து கையால் மறைக்கப் போனேன். அதற்குள் அண்ணாச்சி விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்த பரீட்சை அட்டை ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், தாள் வருகிற வாய்க்கு மேலே கூரை மாதிரி சாய்த்து வைத்தார். ஒவ்வொரு தாள் வந்து விழும்போதும் அட்டைக்கு அடியில் கைவிட்டு, முகம் கவிழ்த்து இழுத்து மேஜையில் வைத்தார். எழுத்துப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் ஓரங்களைத் தட்டிச் சேர்த்து, கட்டைவிரலால் மூலையை மட்டும் புரட்டி எண்ணினார். பதினேழு. பழுப்புக் கவரில் போட்டு இரண்டு பின் அடித்தார். கம்ப்யூட்டரில் நான் ஏற்றின ஃபோல்டரை ஷிப்ட்டை அமுக்கிக்கொண்டு டெலிட் செய்யச் சொன்னார், அப்போதுதான் ரீசைக்கிள் பின்னில் தங்காது என்றார். பிரிண்ட் க்யூ காலியா என்று என்னையே பார்க்கச் சொன்னார்.

"முப்பத்திநாலு ரூபா."

நாற்பது கொடுத்தேன். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றும் ஒரு ரூபாய்க் காசு ஒன்றும் திருப்பித் தந்தார்.

அந்தக் காசை அவர் வாங்கிக்கொண்டது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் புரியுமா? அந்த வாரம் முழுக்க எல்லாரும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் டீக்குக் காசு வாங்கவில்லை, வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் நான் பதினேழு தாள் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு ஆள். தாளுக்கு இரண்டு ரூபாய். கிளம்பும்போது, "பயப்படாத, நீ மொத ஆளு இல்ல" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைப் பார்த்து "கலரா, பிளாக்கா?" என்று கேட்கப் போய்விட்டார்.

இதில் எனக்கே சிரிப்பு வருகிற ஒரு விஷயம் உண்டு. போன செமஸ்டரில் 'இணையமும் சமூக ஊடகமும்' என்று செமினார் எடுத்தவள் நான். 20-க்கு 18. 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு 'லாகின்' என்று அனுப்பப் போய், இரண்டே எழுத்து போய்ச் சேர்ந்ததும் அது படுத்துவிட்ட கதையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தேன். இந்தியாவில் 1995 சுதந்திர தினத்தன்று அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது, சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் கேபிள் போகிறது, இன்ஸ்டாகிராம் 2010-ல் வந்தது, 2012-ல் ஃபேஸ்புக் அதை நூறு கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது, எல்லாம் மனப்பாடம். என் சொந்தக் கணக்கு மட்டும் பப்ளிக்கில் கிடந்தது. 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக அப்பா கையில் கொடுத்த போனில் திறந்த கணக்கு. அன்றிலிருந்து அதன் செட்டிங்ஸ் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

செமினாரில் நான் ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: 'அனுப்புதல்'. அது தப்பு. தபாலில்தான் அனுப்புவது உண்டு. கடிதம் போனால் நம் கையில் இருக்காது. இணையத்தில் எதுவும் இடம் மாறுவதில்லை, பிரதி பெருகுகிறது. நான் தோழிக்கு ஒரு படம் அனுப்பினால் அது என்னிடமும் இருக்கிறது, அவளிடமும் இருக்கிறது, அவள் கேலரியிலும் இருக்கிறது, கேலரி தானாக பேக்கப் ஆகிற இடத்திலும் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த படத்தை யாரும் தொடக்கூட வேண்டாம், ஆட்டோ டவுன்லோடு இருந்தால் அது பாட்டுக்குப் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "நான் ஒண்ணுமே செய்யலியே" என்று சொன்ன பலருடைய போன்களில் நான் இருந்தேன். இன்னும் இருக்கலாம்.

2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி ஆட்களை அடித்துக் கொன்ற பிறகுதான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. 2020-ல், பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு சமயத்தில் ஒரு சாட்டுக்குத்தான் என்று குறைத்தார்கள். அப்படி வரும் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். செமினாரில் இதற்கு ஒரு ஸ்லைடே போட்டேன். பிறகு அந்த இரட்டை அம்புக்குறியை என் படத்துக்கு மேலேயே பார்த்தேன்.

கெட்ட எண்ணத்தில் பரப்பியவர்களைவிட "பாவம் இந்தப் பிள்ளை, இப்படிப் பண்ணிட்டானுங்க" என்று எழுதிப் பரப்பியவர்கள் அதிகம். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொந்தக்காரர்களும் உண்டு. உங்கள் இரக்கம் உண்மை என்று நம்புகிறேன். ஆனால் படத்தைச் சேர்த்து அனுப்பாமலும் இரக்கப்பட்டிருக்கலாம், இல்லையா? இப்போதாவது கேலரிக்குள் போய் அழித்துவிடுங்கள். சாட்சியத்துக்கு வேண்டியது ஸ்டேஷனில் இருக்கிறது.

மற்றவர்களுக்கு மொத்தமாகத்தான் நன்றி சொல்ல முடிகிறது, மன்னிக்க வேண்டும். 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண் பணம் போனவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த என்னைத் திட்டி அந்த நம்பரைப் போடவைத்த ரூம்மேட்டுகள் மூன்று பேருக்கும், பேரைச் சொல்லாமலேயே தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியலாம் என்று கண்டுபிடித்த சீனியர் அக்காவுக்கும், என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்ட பெண் எஸ்.ஐ. மேடத்துக்கும், 2021 ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) விதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, மார்ஃபிங் படத்தை நீக்கத் தளங்களுக்கு விதி வந்தபோதே 24 மணி நேரம்தான் கெடு, பாதிக்கப்பட்டவருக்காக வேறு ஒருவரும் புகார் கொடுக்கலாம் என்று எனக்குப் பதிலாகத் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்த துறைத் தலைவருக்கும். குரூப்பில் "இதைப் போடுறவன் என்கூடப் பேசாதே" என்று ஒரே வரி எழுதிவிட்டு வெளியேறிய வகுப்புத் தோழனுக்கும்.

சம்மதமில்லாமல் பரப்பப்படும் அந்தரங்கப் படங்களைத் தடுக்க உதவும் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளத்தைச் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் சயின்ஸ் அக்காவுக்குத் தனியாக ஒரு வரி. 18 வயது தாண்டியவர்களுக்கானது அது. படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். நம் போனிலேயே படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்வரிசை உருவாகும், அதுமட்டும்தான் வெளியே போகும். சேர்ந்திருக்கிற நிறுவனங்களின் தளங்களில் அதே படம் ஏறினால் அந்த எண்ணைவைத்துப் பிடிப்பார்கள். வாட்ஸ்அப் சாட்டுக்குள் அது எட்டாது, பூட்டிய பெட்டி. ஆனாலும் படத்தைப் பார்க்காமலேயே அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று அக்கா விளக்கியபோது, எனக்கு மூலையை மட்டும் புரட்டி எண்ணிய அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது.

அப்பா. ஆறு நாள் போனை அணைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். ஏழாம் நாள் போட்டபோது முதலில் வந்து விழுந்தது ரீசார்ஜ் ஆன மெசேஜ். 28 நாள் பிளான். அணைத்து வைத்திருந்த போனுக்கு, எனக்கே சொல்லாமல் போட்டிருக்கிறார். இதுவரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பார்த்துட்டேன் அப்பா.

கணக்கை மூடிவிட்டுப் போகச் சொன்னவர்கள் பலர். நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். மூடவில்லை. பிரைவேட்டில் வைத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு, தெரியாத 400 பேரை ஒவ்வொருவராக நீக்கிவிட்டு மறுபடி திறந்திருக்கிறேன். பொங்கல் லீவில் எங்கள் ஊர் ஸ்கூலுக்குப் போய் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் பேசப் போகிறேன், ஹெச்.எம். சரி என்றுவிட்டார். 1969-ல் ஆரம்பிக்க மாட்டேன். அவரவர் போனை எடுத்து ஆட்டோ டவுன்லோடை அணைப்பதில் ஆரம்பிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ஹால் டிக்கெட் எடுக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு முன்னால் ஒரு பெரியவர், ஏதோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட். அண்ணாச்சி தாளைக் கவிழ்த்து எடுத்து, கவிழ்த்தபடியே நீட்டினார். அடுத்து ஒரு பையனின் பயோடேட்டா, அதுவும் அப்படித்தான். என் ஹால் டிக்கெட்டும் முகம் கவிழ்ந்தே வந்தது. பிரிண்டர் பக்கத்தில் அந்தப் பரீட்சை அட்டை இருந்தது. பிளாஸ்டிக் உறை ஓரமெல்லாம் கிழிந்து, விலைச் சீட்டு பாதி உரிந்திருந்தது. எனக்காக அன்றைக்குத்தான் எடுத்தார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு ரூபா பாப்பா" என்றார். கொடுத்தேன்.

இப்படிக்கு,
இரண்டாமாண்டு மாணவி,
பாளையங்கோட்டை