கட்டிலைத் தேர்ந்தெடுக்கும் முன் விரிப்பு மாற்றுகிறவரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் மரக்குடில்களை அழகுபடுத்துவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டை உரிக்காத மரத்தில் கட்டில், அதன்மேல் கனமான கம்பளி, தலைமாட்டில் வரிசையாகக் குட்டித் தலையணைகள். படம் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் இப்படிப்பட்ட குடில்களில் விருந்தினர் கிளம்பியதும் உள்ளே போய், படுக்கையைப் பிரித்துத் திரும்பப் போடுகிற வேலை பார்ப்பவள். எனக்கு முதலில் தோன்றியது, இதையெல்லாம் யார் துவைப்பது என்பதுதான்.

பட்டையோடு விட்ட மரம் கட்டிலுக்கு ஆகாது. பட்டைக்கு அடியில் மரம் துளைக்கும் வண்டுகள் தங்கிவிடும். கட்டிலுக்குக் கீழே மாவு போல் தூள் கொட்டிக் கிடந்தால் அது அவற்றின் கைவரிசை. அதைவிடப் பெரிய தலைவலி மூட்டைப்பூச்சி. ஒருவருடைய பெட்டியில் ஏறி வந்து, கட்டிலில் எங்கே விரிசலும் இடுக்கும் இருக்கிறதோ அங்கே புகுந்துகொள்ளும். ரத்தம் கிடைக்காமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், குடிலைப் பூட்டிப் போட்டால் செத்துவிடும் என்று நம்ப முடியாது. கரடுமுரடான தோற்றம் வேண்டுமென்றால் சுவரில் இருக்கட்டும், கூரையில் இருக்கட்டும். கட்டில் இழைத்த மரமாக, டார்ச் அடித்தால் மூலை முடுக்கெல்லாம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்தது மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. பலரும் முழுப் பலகையை அடித்து மூடிவிடுகிறார்கள். தூங்குகிறவரின் உடம்பிலிருந்து இரவெல்லாம் ஈரம் மெத்தைக்குள் இறங்குகிறது. கீழே குளிர்ந்த பலகை, காற்று போக வழியில்லை. ஒரு நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. அப்புறம் எவ்வளவு வெளுத்த விரிப்பைப் போட்டாலும் கதவைத் திறந்ததும் அந்த மக்கல் வாடைதான் வரும். பலகைக்குப் பதில் இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்தால் போதும். இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நுரை மெத்தை சந்துகளில் தொய்ந்துவிடும். இந்தச் செலவு படத்தில் தெரியாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

இடம் குறைவு என்று கட்டிலை மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டிப் பொருத்துவதும் உண்டு. அப்படிப்பட்ட படுக்கைக்கு விரிப்பு மாற்ற, மெத்தைமேலேயே முழங்காலிட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்திருக்கும் மூலையையே தூக்கிச் செருக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்காவது இடம் விடுங்கள். 3 அடிக் கட்டில்கள் இரண்டை வாங்கினால், நண்பர்கள் வந்தால் தனித்தனியாகவும் தம்பதி வந்தால் சேர்த்தும் போடலாம். சேர்க்கும்போது நடுச்சந்தை மறைக்க மேலே ஒரு மெல்லிய மெத்தை வேண்டும், அவ்வளவுதான். அடுக்குக் கட்டில் வைக்கிறவர்கள் மேல் தட்டுக்கு இரு பக்கமும் தடுப்பு வையுங்கள். அதன் உயரத்தை மெத்தை போட்ட பிறகு அளக்க வேண்டும், தடிமனான மெத்தை பாதித் தடுப்பை விழுங்கிவிடும். 6 வயது ஆகாத பிள்ளைகளை மேலே படுக்க வைக்க வேண்டாம் என்று ஏணியருகே எழுதியும் ஒட்டிவிடுங்கள்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். விருந்தினர் தோலில் படுகிற எதுவும் ஒவ்வொரு முறையும் துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அந்தக் கனமான கம்பளியை ஒவ்வொருவர் போன பிறகும் துவைக்க முடியுமா? முடியாது. உதறி மடித்துத் திரும்பப் போடுகிறார்கள், முந்தைய ஆள் அதற்குள் சுருண்டு படுத்திருந்தாலும். ஒரு தடித்த போர்வைக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வைகள் கொடுத்தால் மெஷினில் அடங்கும், அடுத்த ஆள் வருவதற்குள் காயும். குளிர் பிடிக்காதவர் இரண்டையும் போர்த்திக்கொள்ளலாம். விரிப்பு வெள்ளைப் பருத்தியாக இருந்தால் கறை பட்டதும் தெரியும், பிளீச் போட்டு எடுக்கலாம். ‘ஆயிரம் நூல் எண்ணிக்கை’ (ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல் என்ற கணக்கு) என்று அட்டையில் பார்த்து மயங்க வேண்டாம். பல இழைகளை முறுக்கிய நூலை இழை இழையாக எண்ணி அந்தக் கணக்கைக் காட்டுவது உண்டு. 200லிருந்து 400க்குள் நெருக்கமாக நெய்த சாதாரணத் துணியே பல துவையல் தாங்கும். கட்டிலுக்கு மூன்று செட்: ஒன்று மேலே, ஒன்று துவையலில், ஒன்று அலமாரியில். தண்ணீர் இறங்காத மெத்தை உறையும், ஜிப் வைத்த தலையணை உறையும் இதோடு சேர்த்தி. மெத்தையை மாற்றுவதைவிட உறையை மாற்றுவது எவ்வளவோ மலிவு.

குடிலை நாள்கணக்கில் மூடுவதாக இருந்தால் தலையணை, போர்வைகளை நன்றாகக் காயவைத்து இறுக்கமான மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். எலிக்குப் பஞ்சு கிடைத்தால் கூடு கட்டிவிடும், மடித்து வைத்த போர்வை என்றால் இன்னும் சௌகரியம். அடுத்த முறை இதுபோன்ற கட்டுரை போடும்போது, மெத்தையைத் தூக்கிவிட்டு ஒரு படமும் எடுத்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு வாசகி