பெலோட்டா யாருடைய விளையாட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில், பந்தைச் சுவரில் அடித்து ஆடும் பாஸ்க் பெலோட்டா குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அரிதாகவே பேசப்படும் ஒரு விளையாட்டுக்கு இடம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர் அதை 'ஸ்பெயினின் பாரம்பரிய விளையாட்டு' என்று குறிப்பிட்டதோடு, வளைந்த பிரம்புக் கூடையால் பந்தை வீசும் ஹாய் அலாயை மட்டும் விவரித்து, பெலோட்டா என்றாலே அதுதான் என எண்ண வைத்துவிட்டார்.

1979இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஹாய் அலாய் பந்துக்குப் பதிவான மணிக்கு 302 கிலோமீட்டர் வேகம் யாரையும் மயக்கக்கூடியதே. எனினும் ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையின் இருபுறமும் வாழும் பாஸ்க் மக்கள் உயிராக மதிப்பது வெறுங்கை ஆட்டத்தை. கம்பளி நூலைச் சுற்றி, ஆட்டுத்தோலால் தைத்த, நூறு கிராமைச் சற்றே தாண்டும் கெட்டிப் பந்தைச் சுவரில் அறைந்து ஆடும்போது, உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும் சிறு பட்டைகளைத் தவிர வேறு காப்பு கிடையாது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1929இல் தோன்றி, 1952இல் சான் செபஸ்தியானில் முதல் உலகப் போட்டியை நடத்தியது முதல், வெறுங்கை ஆட்டமும் மட்டை ஆட்டங்களும் கூடை ஆட்டமும் அங்கு ஒன்றாகவே நடைபெற்று வருகின்றன. 30, 36, 54 மீட்டர் நீளமுள்ள களங்கள் மூன்றோடு, நாற்புறமும் சுவர் சூழ்ந்து பக்கவாட்டில் சாய்கூரை இறங்கும் திரிங்கெத்தே என்ற பழைய களமும் உண்டு.

மட்டை ஆட்டங்களின் கதை இன்னும் சுவையானது. அர்ஜென்டினாவில் குடியேறிய கப்ரியேல் மார்த்திரேன் என்ற பாஸ்க்காரர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பசுவின் தோள்பட்டை எலும்பை மட்டையாகக் கொண்டு ஆடிப் பார்த்ததிலிருந்து பிறந்ததே, இன்று அர்ஜென்டினா அணி கோலோச்சும் ரப்பர் பந்து ஆட்டம். டென்னிஸ் மட்டையைப் போன்ற மட்டையால் ஆடும் ஃப்ரோன்டெனிஸ் மெக்சிகோவில் உருவானது. உலகப் போட்டி 1955இலேயே உருகுவேயின் மான்டெவிடியோவுக்குச் சென்றதற்கு, அட்லாண்டிக்கைக் கடந்து போன இந்தக் குடியேறிகளே காரணம் என்று சொல்லலாம்.

இவ்வளவு தூரம் பரவிய ஆட்டத்தில், அதற்குப் பெயர் தந்த மக்களுக்கு மட்டும் நெடுங்காலம் சொந்த அணி இல்லை என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பிரெனே மலைக்குத் தெற்கே பிறந்தவர் ஸ்பெயினுக்காகவும், வடக்கே பிறந்தவர் பிரான்சுக்காகவும் ஆடினர். உலகப் போட்டி பாஸ்க் மண்ணின் ஊர்களான சான் செபஸ்தியானிலோ பியாரிட்சிலோ நடந்தபோதுகூட அவர்கள் தம் வீட்டிலேயே அடுத்தவர் சட்டையோடுதான் நின்றார்கள். ஒரு வட்டாரத்தில் வரலாற்று வேரும் சமூக வேரும் கொண்ட விளையாட்டில், அவ்வட்டாரக் கூட்டமைப்பு நேரடியாகப் பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ள 2022 இறுதியில் வந்த ஸ்பெயினின் விளையாட்டுச் சட்டம் வழிவிட்டது. அதன் பின்னர், 2024 டிசம்பரில் பன்னாட்டுக் கூட்டமைப்பு பாஸ்க் கூட்டமைப்பை முழு உறுப்பினராக ஏற்றது. ஸ்பெயின் கூட்டமைப்பின் எதிர்ப்பையும் மீறி, 2025இல் நேஷன்ஸ் லீக் என்ற பன்னாட்டுப் போட்டியில் பாஸ்க் அணி தன் பெயரிலேயே களமிறங்கியது. இதன் பிறகும் 'ஸ்பெயினின் விளையாட்டு' என்று எழுதுவது, சிறு சொற்பிழை என்று கடந்துபோகக் கூடியதல்ல.

இந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. புதிய அணி ஸ்பெயினிலுள்ள மூன்று மாகாணங்களின் தன்னாட்சிப் பகுதிக்கு மட்டுமே உரியது. வெறுங்கை ஆட்டத்தில் பெரும் வீரர்களைத் தந்த நவார்ரா தனித் தன்னாட்சிப் பகுதி என்பதால் அதில் சேரவில்லை. பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் வீரர்களும் வெளியேதான் நிற்கிறார்கள். இதைப் பற்றிக் கட்டுரையாளர் மற்றொரு முறை விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர், மதுரை